வெட்டாத சுவடு

துறைமுகத்தில் பதினாறு வருடம் கிரேன் ஓட்டிய ஜெசிந்தா ரொட்ரிகோ தன் நாற்பத்து மூன்றாவது வயதில் ஐந்து புதிய தொழில்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட நாட்கள் அறுபது.

கிரேன்கள் ஆளில்லாமல் தாமாகவே பெட்டிகளை இறக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. தூத்துக்குடிக் கரையிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் உள்ளே, கடலுக்குள் வரிசையாக நட்டிருந்த காற்றாலைகளைப் பராமரிக்க ஆள் எடுத்தார்கள். துறைமுகத்தில் வேலை போனவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் கோபுரத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஐந்து வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை போட்டிருந்தது. கயிற்றில் ஆளை இறக்குவது, காற்றாலை இறக்கையில் விழும் விரிசலைப் பிசின் வைத்து அடைப்பது, கேபிள் இணைப்பது, டிரோன் ஓட்டுவது, அடிபட்டவருக்குத் தையல் போட்டுக் கட்டுவது.

அறுபது நாளில் ஐந்து தொழில் என்று முன்னொரு காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். கைச்சுவடு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சி மையத்தில் முதல் நாள் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கை வரை வரும் சாம்பல் நிறக் கையுறைகளை மாட்டிவிட்டவள் ராபியா. காயல்பட்டினத்துப் பெண். முப்பது வயதிருக்கும். மையத்தின் இயந்திரங்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

"பயப்படாதீங்கக்கா. தொழில் தெரிஞ்ச ஒருத்தர் இந்த உறையப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சிருக்காரு. எந்த நேரத்துல எந்தத் தசை இறுகுச்சு, எது தளந்துச்சுன்னு எல்லாம் பதிவாகியிருக்கு. அதுக்குப் பேருதான் சுவடு. நீங்க கண்ண மூடிப் படுத்திருந்தா போதும், அவரு கை செஞ்சத உங்க கையும் செய்யும். இருவது தடவை ஆச்சுன்னா உங்க கைக்கே பழகிரும்."

"யாரு கை அது?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க. தொழிலுக்கு ஒரு ஆளு."

அரைத்தூக்கத்தில் ஜெசிந்தாவின் விரல்கள் இல்லாத கயிற்றைப் பிடித்து இல்லாத முடிச்சைப் போட்டன. எழுந்ததும் நிஜக் கயிற்றைக் கொடுத்தார்கள். அவள் வாழ்நாளில் போட்டிராத முடிச்சு ஒன்று நாலு நொடியில் அவள் கையில் வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிரேன் பழக அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முதல் வாரம் அப்படித்தான் போயிற்று, ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல.

மையத்தின் கூடத்தில் பெரிய திரை ஒன்று இருந்தது. அந்தக் குழுவின் இருபத்திரண்டு பேர் பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து பச்சைக் கோடுகளும் அதில் ஓடும். காலையில் வந்ததும் எல்லாரும் டீ குடிக்கும் முன்பு அதைத்தான் பார்ப்பார்கள். ஜெசிந்தாவும் பார்த்தாள். கேபிளை முடித்துவிட்டு நிமிர்ந்தால் டிரோன் கோடு குட்டையாகத் தெரியும். டிரோனுக்கு ஓடுவாள். டிரோனில் இருக்கும்போது தையலைத் தொட்டு இரண்டு நாள் ஆயிற்றே என்று மனம் அடித்துக்கொள்ளும். பேருந்தில் வரும்போது பிசின் பற்றிய வீடியோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூடுதல் அமர்வு. ஐந்து நிறப் பேனாவால் குறிப்பெடுத்த நோட்டு ஒன்று வைத்திருந்தாள். நான்காவது வாரத்தில் எந்த நிறம் எதற்கு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் இறாலின் ஓட்டைக் கீறி, சுற்றி, ஒரு திருகு திருகியது. கேபிளின் மேலுறையை உரிக்கும் திருகு. சதை இரண்டாகப் பிய்ந்து வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பிடித்தபோது இடது கை அதை நிமிர்த்திப் பிடிக்க, வலது கை காற்றில் ஊசி கோர்த்தது.

அவள் கணவன் ரோமால்டு, மீன் ஏலக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், வாசலிலேயே நின்றான்.

"என்ன செய்யுத ஜெசி?"

"இறால் உரிக்கேன்."

"அதுக்குத் தையலா போடுத?"

அவள் சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. கைகளைப் பாவாடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லிராத," என்றாள். "தெரிஞ்சா திரையில என் பேரை எடுத்திருவாவ."

முப்பத்தெட்டாவது நாள் அது நடந்தது.

கடற்கரையோரம் முப்பது மீட்டர் உயரத்தில் பயிற்சிக் கோபுரம் ஒன்று இருந்தது. இரண்டு இரண்டு பேராக ஏறவேண்டும். ஒருவர் கயிற்றில் தொங்கி இறங்குவார். மற்றவர் மேலே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். விடுகிறவரின் வலது கை கயிற்றின் மேலிருந்து ஒரு கணம்கூட எழக்கூடாது. அந்த வேலைக்கு இருப்பது அந்த ஒரே ஒரு விதிதான். ஜெசிந்தாவுக்கு ஜோடி உச்சிமாகாளி. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கம்பி போட்டுக் கட்டும் வேலையில் இருந்தவர். ஐம்பது வயது. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர்.

"தங்கச்சி, மெதுவா விடு. வீட்டுல கறி எடுத்து வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் விளிம்பைத் தாண்டித் தொங்கினார்.

பாதித் தூரம் இறங்கியிருப்பார். அடுத்த குழுவின் டிரோன் ஒன்று கோபுரத்தின் பக்கத்தில் ரீங்காரமிட்டுக்கொண்டு போயிற்று. ஜெசிந்தா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் காது கேட்டது, அவள் கைகள் எழுந்தன. இரண்டு கைகளும் மார்புக்கு நேரே வந்து, கட்டைவிரல்கள் இரண்டும் அங்கே இல்லாத ரிமோட் குச்சிகளின் மேல் உட்கார்ந்தன. டிரோனை ஓட்ட அவை தயாராக நின்றன.

கயிறு சீறிக்கொண்டு ஓடியது.

எட்டு மீட்டர் விழுந்தபின் இரண்டாவது பாதுகாப்புக் கயிறு அவரைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் கோபுரத்தின் இரும்பில் போய் மோதினார். காறை எலும்பு முறிந்தது. உயிர் இருந்தது.

அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை ஜெசிந்தாவின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. ராபியாதான் வந்து அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

தேர்வாளர் கிளாட்சன் அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினார். முப்பத்துநான்கு வயது. அதிகம் பேசமாட்டார், யாரையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. கம்பெனியின் எல்லாப் பயிற்சி மையங்களிலும் அவர் வைப்பதுதான் தேர்வு. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல் இருந்தது: கவனக்குறைவு.

மறுநாள் ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். உச்சிமாகாளிதான் இடது கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"வா தங்கச்சி. கறி போச்சு, போ. கஞ்சிதான் குடுக்காவ."

அவள் அழுதுவிட்டாள். "அண்ணாச்சி, நான் வேணும்னு விடல. என் கை என் சொல்லக் கேக்க மாட்டேங்கு. டிரோன் சத்தம் கேட்டதும் அதுவா எந்திரிச்சிட்டு. ரெண்டு வாரமாவே இப்படித்தான். நான் சொல்லியிருக்கணும்."

உச்சிமாகாளி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"போன வாரம் பேரனுக்குச் சோறு ஊட்டப் பெசஞ்சேன்," என்றார். "பிசின் கலக்குத மாதிரி நூத்தியிருவது சுத்து சுத்தியிருக்கேன். சோறு கூழாப் போச்சு. எண்ணி முடிக்காம கை நிக்கமாட்டேங்கு. நானும் யார்ட்டயும் சொல்லல பாத்தியா? நீ மேல நின்னதால நான் விழுந்தேன். நான் மேல நின்னிருந்தா நீ விழுந்திருப்ப."

"எல்லாருக்கும் இப்படியா?"

"திரையப் பாத்துட்டு எவன் சொல்லுவான்?"

அங்கிருந்து நேராக அவள் மையத்துக்கு வந்தாள். பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். ராபியா அவளை இயந்திர அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்க ரெண்டு கையோட பதிவையும் நேத்து எடுத்துப் பாத்தேங்கக்கா. கவனக்குறைவெல்லாம் இல்ல. உங்க கவனத்துக்கு அதுல வேலையே இல்ல."

"அப்படின்னா?"

"கயித்துச் சுவடு முதல்ல பதிவானப்ப முந்நூத்திப்பத்து மணி நேரம் இருந்துச்சு. உங்களுக்கு ஏத்துனது இருவது மணி நேரம். மிச்சத்த வெட்டிட்டாங்க. தப்பாக் கட்டுனது, அவுத்தது, யோசிச்சிக்கிட்டு நின்னது, சும்மா இருந்தது எல்லாத்தையும். சரியாக் கட்டுனது மட்டும்தான் மிச்சம். அஞ்சு தொழில்லயும் இதே கதைதான். எப்படி ஆரம்பிக்கணும்னு உங்க கைக்குத் தெரியும். எங்க நிக்கணும், எப்ப விடணும், ஒண்ண முடிச்சிட்டு அடுத்ததுக்கு எப்படிப் போவணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. அதெல்லாம் வெட்டுப்பட்டதுல போயிட்டு. ஒண்ணு படியுறதுக்குள்ள அடுத்தது வந்து மேல உக்காருது. எந்தச் சத்தம் கேட்டாலும் அஞ்சும் ஒண்ணா எந்திரிக்குது."

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

ராபியா தலையைக் குனிந்துகொண்டாள். "சந்தேகம் இருந்துச்சு. பச்சைக் கோடு ஏறிக்கிட்டே இருந்துச்சா, நானும் பேசாம இருந்துட்டேன்."

ஜெசிந்தா அவளைத் திட்டவில்லை. அதற்கான தெம்பு அவளிடம் இல்லை.

"எடுத்திர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியும். ஒவ்வொண்ணுக்கும் ஆறு அமர்வு, தளத்தி விட்டுரலாம். ஆனா எல்லாத்தையும் எடுக்க வேண்டாங்கக்கா. நாலை எடுத்திட்டு ஒண்ணை வச்சுக்கோங்க. அந்த ஒண்ணையும் வெட்டுனதா வேண்டாம், முழுசா ஏத்துவோம். மூலப்பதிவு இங்க இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அஞ்சு மாசம் ஆகும்."

"அறுபது நாளுதான குடுத்திருக்காவ?"

"இந்தக் குழுவுக்கு அறுபது நாளு. உங்கள அடுத்த குழுவுல போட்டுருதேன், அதுக்கடுத்த குழுவுலயும் போட்டுருதேன். அஞ்சும் தெரியணும்னு விதியில எழுதியிருக்கு. எப்ப முடிக்கணும்னு யாரும் எழுதல."

ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது. குட்டையோ நெட்டையோ, ஐந்து கோடு அவள் பெயருக்கு நேரே இருக்கிறது. நாலை அழித்துவிட்டால் மற்றவர்கள் எங்கோ போய்விடுவார்கள். உச்சிமாகாளியிடம் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"கயித்த எடு. உன்ன நம்பி ஒருத்தன் தொங்கணும்ல?"

தளர்த்தும் அமர்வுகள் மூன்று வாரம் நடந்தன. முதலில் டிரோன் போயிற்று. பிறகு தையல். கேபிளை எடுத்த மறுநாள் காலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், மையம் வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டாள். மடியில் இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கும் கையின் கனம் எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வரும்போது, வழியெல்லாம் கையை வீசிக்கொண்டு வந்தாள். நாலு தொழிலைத் தொலைத்தவள் மாதிரி இல்லை அவள். தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள்.

பிறகு முழுச் சுவடு தொடங்கியது.

முதல் நாளே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயர் தெரியாத ஆளின் கைக்கு முடிச்சுப் போடவே தெரியவில்லை. கயிறு நழுவியது. எடுத்து மறுபடி சுற்றி, தப்பான பக்கத்தில் நுழைத்தது. அவிழ்த்தது. விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் அவள் விரல்களிலும் ஓடியது. ஒரு தடவை அந்தக் கை பொறுமையிழந்து பக்கத்திலிருந்த எதையோ ஓங்கி அறைந்தது. எழுந்து பார்த்தபோது நாற்காலியின் கைப்பிடியில் அறைந்த வலி அவள் உள்ளங்கையில் சிவந்து கிடந்தது.

"யாரோ படிக்கத் தொடங்குன நாள்லருந்தே பதிவு பண்ணியிருக்காங்க," என்றாள் ராபியா. "நானும் இந்தப் பகுதிய இப்பத்தான் பாக்கேன்."

"பாவம், ரொம்பச் சின்ன ஆளா இருக்கும். வேர்வைய அடிக்கடி தொடையில தொடைக்கு."

தூங்கும்போது அவள் வேறொருவரின் தப்புகளைச் செய்தாள். விழித்திருக்கும்போது தன்னுடையவற்றைச் செய்தாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ராபியா விடமாட்டாள். திரையிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டாள். மதியம் வீட்டுக்குப் போனால் கயிற்றைப் பற்றி நினைக்கக் கூடாது என்று கட்டளை. முதல் பத்து நாள் நினைத்தாள். அதன்பிறகு மறந்து போனாள்.

மூன்றாவது வாரத்தில் அந்தக் கை ஒரு முடிச்சைச் சரியாகப் போட்டது. போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவவில்லை. உள்ளங்கையை முடிச்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கயிற்றின் வழியே மெதுவாக நகர்ந்து, பிரிகளைத் தடவி, முனைவரை போய் நின்றது. வெட்டிய சுவட்டில் இந்த இடம் கிடையாது. எதுவும் செய்யாத அந்த இருபது நொடியில் ஜெசிந்தாவுக்கு முதல்முறையாக, முடிச்சு எப்படிப் பிடிக்கிறது, எங்கே தளர்ந்தால் என்ன ஆகும் என்பது கையாலேயே புரிந்தது. அன்றைக்கு அவள் ரோமால்டிடம் அதைச் சொல்லப் பார்த்தாள். சொல்ல வரவில்லை. பாவாடை நாடாவில் ஒரு முடிச்சைப் போட்டு அவன் கையை அதன்மேல் வைத்தாள். "நல்ல இறுக்கமாத்தான் இருக்கு," என்றான் அவன்.

இதற்கிடையில் முதல் குழுவுக்குத் தேர்வு வந்தது. இருபது பேர் எழுதினார்கள். மூன்று பேர் தேறினார்கள். ஒருவன் தையல் போடச் சொன்னபோது பிசின் கலக்கினான். ஒரு பெண் கோபுரத்தின் பாதியில் நின்று, இறங்கவும் ஏறவும் தெரியாமல் உறைந்துபோனாள். தோற்றவர்கள் ஒவ்வொருவராக, மற்றவர்களுக்குத் தெரியாமல், ராபியாவின் கதவைத் தட்டினார்கள். தோளில் கட்டோடு உச்சிமாகாளியும் வந்தார். அவர் மட்டும் தெரியாமல் வரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகவே சொன்னார்: "எனக்கு நாலை எடுத்திரு தாயி. பிசின் ஒண்ணு போதும். சோத்த எப்ப விடணும்னு மட்டும் அதுக்குச் சொல்லிக்குடு."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மட்டும் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஐந்து மாதம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே கோபுரத்தில் ஜெசிந்தாவுக்குக் கயிற்றுத் தேர்வு. கிளாட்சன் மேல்தளத்தில் குறிப்பேட்டோடு நின்றார். கீழே இறங்கவேண்டிய ஆளாக யார் வருவது என்று கேட்டபோது, ஆறிய தோளோடு உச்சிமாகாளி முன்னால் வந்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம்," என்றாள் அவள்.

"உன்னத் தவிர யார்ட்டயும் நான் தொங்கமாட்டேன்."

ஜெசிந்தா கயிற்றை எடுத்தாள். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். முடிச்சைப் போட்டாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்து நின்றாள். பிறகு கயிற்றின் வழியே தடவிக்கொண்டு முனைவரை போனாள். மற்றவர்கள் நாலு நொடியில் முடிப்பதற்கு அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கிளாட்சன் அவசரப்படுத்துவார் என்று எதிர்பார்த்தாள். பேனா அவர் கையில் அசையாமல் இருந்தது.

உச்சிமாகாளி இறங்கினார். காற்று அடித்தது. பறவைகள் கத்தின. கீழே யாரோ எதையோ போட்டு உடைத்தார்கள். அவள் வலது கை கயிற்றின் மேலேயே இருந்தது. அதை அங்கே வைத்திருப்பது அவள்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே மணலில் கால் ஊன்றிய உச்சிமாகாளி அண்ணாந்து, "அவ்வளவுதானா?" என்று கத்தினார்.

ஜெசிந்தா மூச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள். கிளாட்சனின் முகம் வெளுத்திருந்தது.

"அந்த முதல் நூறு மணி நேரத்த உங்களுக்கு யாரு போட்டது?" என்று கேட்டார்.

அவளுக்குப் பயம் பிடித்தது. ராபியாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. "எதச் சொல்லுதிய சார்?"

"தொடையில கையத் தொடச்சியளே, அது. முடிச்சு மேல கைய வச்சிக்கிட்டு நின்னியளே, அது. அதெல்லாம் வெட்டுன பதிவுல கெடையாது. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"நீங்களா?"

"அது என் கை."

கோபுரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கடலைப் பார்த்துப் பேசினார். பத்தொன்பது வயதில் அவர் கயிறு பழக வந்தபோது கையுறையை மாட்டி முதல் நாளிலிருந்தே பதிவு செய்தார்களாம். கூட வந்தவர்கள் இரண்டு மாதத்தில் முடித்தார்கள். அவருக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. மந்தம் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் எல்லாரையும்விட நல்ல கை அவருடையதுதான் என்று கம்பெனி அதையே சுவடாக எடுத்துக்கொண்டது.

"நான் தடவுனதையும் நடுங்குனதையும் ஊரெல்லாம் தெரிஞ்சிக்கணுமான்னு வெக்கமா இருந்துச்சு. வெட்டுங்கன்னு சொன்னேன். நேரம் மிச்சம்னு கம்பெனிக்கும் சந்தோசம். அப்புறம் எல்லாத் தொழில்லயும் அதே மாதிரி வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க." அவர் கீழே மணலைப் பார்த்தார். "கீழ விழுந்தாருல்லா, அதுக்குக் கவனக்குறைவுன்னு எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்."

ஐந்து மாதமாகத் தினமும் இந்த மனிதரின் நடுக்கத்தை ஜெசிந்தா தன் விரலில் சுமந்திருக்கிறாள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கே கூச்சமாக இருந்தது.

"அந்தத் தடவல் இல்லன்னா நான் கத்துருக்க மாட்டேன் சார்," என்றாள்.

அவர் அவளைக் கயிற்றில் தேறியவர் பட்டியலில் எழுதினார். அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு நீண்ட கடிதமும் அனுப்பினார். ஐந்து பேருக்குக் குறைந்து எந்தப் படகும் காற்றாலைக்குப் போகக் கூடாது என்பது கடல் விதி. ஐந்து பேர் எப்படியும் போகிறார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து தொழில் எதற்கு? ஆளுக்கு ஒன்று முழுதாகத் தெரிந்தால் போதாதா? பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. யார் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்தோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆனால் தேறியவர்கள் மூன்று பேர் மட்டும் இருக்க, காற்றாலைகள் பழுதாகி நின்றுகொண்டிருந்தன. ஒத்துக்கொண்டார்கள். கூடத்துத் திரையைக் கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ராபியாவே ஒரு மதியம் ஏணி வைத்துக் கழற்றினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜெசிந்தாவின் முதல் படகு வியாழக்கிழமை பத்து மணிக்கு. அதற்கு முன்பு ராபியாவிடம் சொல்லிக்கொண்டு போக மையத்துக்கு வந்தாள். இயந்திர அறையில் சாய்வு நாற்காலியின் பக்கத்தில் கிளாட்சன் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார்.

"இந்த ரெண்டு வருசமா நான் யாருக்கும் ஒரு முடிச்சு கட்டிக் காட்டுனதில்ல. கவனிச்சியளா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவள் வந்த நாளிலிருந்து அவர் கயிற்றைத் தொட்டதே இல்லை.

"தேர்வு வைக்கிறவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு ஒண்ணொண்ணா ஏத்தினாங்க. நானும் வேண்டாம்னு சொல்லல. என் கயித்தையும் சேத்துப் பதினாலு சுவடு ஏறியிருக்கு. இப்ப கயித்தக் கையில குடுத்தா, கை பதினாலு பக்கம் போவுது. அன்னைக்குக் கோபுரத்துல உங்களப் பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு. அது என் கைதான். ஆனா என்னட்ட இல்ல, உங்கட்ட இருக்கு."

ராபியா கையுறைகளை எடுத்தாள். "எத்தனைய எடுக்கணும் சார்?"

"பதிமூண."

"எது மிச்சம் வேணும்?"

"கயிறு."

"வெட்டுனதா, வெட்டாததா?"

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "முதல் நாள்லருந்து போடு."

"தளத்துறதுக்கு மாசக்கணக்காவும் சார். அத முடிச்சிட்டுத்தான் முறையா ஏத்த முடியும்."

"தெரியும். இன்னைக்கு ஒரு பத்து நிமிசம் மட்டும். அந்தப் பத்தொம்பது வயசுப் பையன் எப்படி இருந்தான்னு பாக்கணும்."

ராபியா ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தலையசைத்தாள். கிளாட்சனின் விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. இல்லாத கயிற்றை எடுத்தன, நழுவவிட்டன, மறுபடி எடுத்துத் தப்பான பக்கத்தில் நுழைத்தன. அடுத்து என்ன வரும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் ஒரு தலையணையை எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். வைத்த மறுகணம் அவர் கை அதை ஓங்கி அறைந்தது.

அறைந்த அதிர்ச்சியில் அவர் விழித்துக்கொண்டார். கண்கள் நனைந்திருந்தன. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்து ஜெசிந்தா பார்த்ததே இல்லை.

"ரொம்ப மோசமாக் கட்டுதான்ல?"

"ஆமா சார்," என்றாள் அவள். "நாளைக்கும் மோசமாத்தான் கட்டுவான். மூணாவது வாரத்துல சரியாவும்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் இரண்டும் மெல்லத் தளர்ந்து நாற்காலியில் இறங்கின.